ஆறு மணிப் படம்

பகவதிக்கு அடிக்கோல் வைக்காமல் கோடு போடத் தெரியாது. மளிகைச் சீட்டு எழுதினால்கூட இடது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, வரிசை எண் போட்ட பிறகுதான் துவரம்பருப்பு என்று எழுதுவாள்.

"துவரம்பருப்புக்கு என்னத்துக்குட்டி நம்பர்?" என்று அப்பா உமாசங்கர் கேலி செய்வார்.

"கடைக்காரர் ஒண்ணை விட்டுட்டா எந்த நம்பர்னு சொல்லலாம்லா?" என்பாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து வேலைக்காக ஹைதராபாத்துக்கு வந்தவர் உமாசங்கர். குஷாய்குடா மின்னணு ஆலையில் சேர்ந்து முப்பது வருடம் ஆகிறது. பகவதி அங்கேயே பிறந்து, அங்கேயே தெலுங்கு மீடியத்தில் படித்து, இண்டர் இரண்டாம் வருடத்தில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், கணக்குத் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தோற்று, அத்தோடு படிப்பை விட்டவள். கணக்குதான் வரவில்லையே தவிர, கண் நன்றாக வந்தது. ஆலைக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னப் பட்டறையில் சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் வைத்து, சால்டரிங் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சரியாக இருந்தால் ஓரத்தில் பச்சைப் பொட்டு ஒட்ட வேண்டும். ஏழு வருடமாக ஒட்டுகிறாள். அவள் பொட்டு வைத்த போர்டு திரும்பி வந்ததில்லை என்று முதலாளியே வெளியாட்களிடம் சொல்வார்.

தம்பி அச்யுத் என்ற அச்சு பிறந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த நர்ஸ் "பதினொண்ணு இருக்கும்" என்று சொன்னாள். பகவதி தன் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் 10.52 என்று எழுதினாள். உள்ளே அழுகுரல் கேட்டதுமே அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டிருந்தாள். ஜாதகம் இன்றுவரை அந்த 10.52-இல்தான் நிற்கிறது.

அந்தக் கடைசிப் பக்கம் பிறகு ஒரு தனி நோட்டாயிற்று. அச்சு எந்த நாளில் குப்புற விழுந்தான், எந்த நாளில் பல் முளைத்தது, எல்லாம் அதில் இருந்தன. அவன் பேசிய சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தாள். தா. மம்மு. காக்கா. பால். ஒன்றரை வயதில் ஒன்பது சொற்கள். அதற்குப் பிறகு பட்டியல் நீளவில்லை. காக்கா போயிற்று. பால் போயிற்று. ஒரு மாதம் முழுக்கக் கேட்காத சொல்லை மட்டும் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதி போட்டாள். இரண்டே கால் வயதில் எல்லாச் சொல்லும் அடிபட்டிருந்தன. மூன்று வயதில் டாக்டர் ஸ்ரீஜாவிடம் போனபோது, அம்மா அழுதுகொண்டே சொன்னதைவிட அந்தப் பக்கம் தெளிவாகச் சொன்னது. டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். ஆட்டிசம் என்ற வார்த்தையை அந்த வீடு முதன்முதலில் கேட்டது அன்றுதான்.

இப்போது அச்சுவுக்குப் பதினொன்று. சொற்கள் திரும்பி வந்திருக்கின்றன. எல்லாம் தெலுங்குச் சொற்கள், அவையும் எண்ணிவிடக்கூடிய அளவில்தான். தமிழில் என்ன சொன்னாலும் புரிந்துகொள்வான், பதில் மட்டும் தெலுங்கில் வரும். சாப்பிடுவதற்கு முன் கறிவேப்பிலையைத் தனியாக எடுத்து முகர்ந்து பார்த்து, தட்டின் ஓரத்தில் ஒரே திசையில் அடுக்குவான். ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசர் "டொக்" என்று விழும் ஒலிக்குச் சிரிப்பான். படத்தில் காட்டினால் எதையும் செய்வான். சொன்னால் செய்யாததைப் படம் பார்த்துச் செய்வான். அதைக் கண்டுபிடித்தவளும் பகவதிதான்.

சென்ற வருடம் வரை அவன் விடியுமுன்னே எழுந்து வீட்டையே எழுப்பிவிடுவான். விளக்கைப் போடுவான், குழாயைத் திறப்பான், அப்பாவின் மூக்கைப் பிடிப்பான். பகவதி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு படச்சட்டம் செய்தாள். ஒவ்வொரு படத்திலும் அச்சுவே இருந்தான். முதல் படத்தில் கட்டிலில் படுத்தபடி கண்ணைத் திறக்கிறான், பக்கத்தில் ஆறு காட்டும் கடிகாரம். இரண்டாவதில் கழிவறைக் கதவு. மூன்றாவதில் பல் துலக்கி. இப்படிப் பள்ளிப் பை வரை பன்னிரண்டு. அதைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டி, பக்கத்திலேயே பெரிய எண்கள் போட்ட சுவர்க் கடிகாரமும் வாங்கி மாட்டினாள்.

நான்கே நாளில் வீடு அடங்கியது. சரியாக ஆறுக்குப் பகவதி கதவைத் திறந்து "அச்சு" என்பாள், அவன் கண்ணைத் திறப்பான். அக்கம்பக்கத்தில் யார் வந்தாலும் பகவதி அவர்களை அந்த அறைக்கு அழைத்துப் போய்ச் சட்டத்தைக் காட்டினாள். தம்பியைப் பற்றிய பெருமையா, தன்னைப் பற்றிய பெருமையா என்று அவளே பிரித்துப் பார்க்கவில்லை.

பள்ளியில்தான் அடங்கவில்லை. எல்லாப் பிள்ளைகளோடும் நான்காம் வகுப்பில் உட்காரும் சாதாரணப் பள்ளி அது. ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிப் பகவதி பிடித்த இடம். அங்கே பதினொரு மணிக்கு அச்சு மேசையில் தலையை முட்டுவான், கையைக் கடித்துக்கொள்வான். சிறப்பு ஆசிரியை சுஷ்மா டீச்சர் பொறுமைசாலி, ஆனால் தலைமையாசிரியர் அப்படியில்லை. ஜூலை மாதம் அவர் உமாசங்கரைக் கூப்பிட்டு, மாற்றுச் சான்றிதழ் கேட்கும் படிவத்தைக் கையில் கொடுத்தார். தசரா லீவு வரை பார்க்கலாம், அடங்காவிட்டால் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். அடுத்து இருப்பது ஒரே இடம்தான். நூறு கிலோமீட்டர் தள்ளி, பிள்ளைகளை அங்கேயே தங்கவைக்கும் பள்ளி.

அந்தப் படிவம் டி.வி.க்குக் கீழே, மின்சார ரசீதுகளுக்கு மேலே இருந்தது. பகவதி தூசி துடைக்கும்போது அதை மட்டும் நகர்த்தாமல் சுற்றித் துடைப்பாள்.

அதே மாதம்தான் சாரா வந்தாள். சிகந்தராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்காக, ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியோடு வீடு வீடாகப் போகிறவள். டாக்டர் ஸ்ரீஜா சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஊசி நக்கோ, ரத்தம் நக்கோ. எச்சில் மட்டும் போதும் மா" என்றாள் சாரா. ஹைதராபாத் உருது கலந்த தமிழ் அவளுடையது, நக்கோ என்றால் வேண்டாம். விரல் நீளம்கூட இல்லாத ஒரு பஞ்சுச் சுருளைக் காட்டினாள். காலையில் கண் விழித்ததும் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, மதியம் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. வாயில் ஒரு நிமிடம் வைத்து, குப்பியில் போட்டு, ஃப்ரீசரில் வைக்க வேண்டும். மூன்று நாள். விழித்ததும் எடுக்க வேண்டியதை ஐந்து நிமிடத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

அம்மாவுக்கு ஹார்மோன் ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. "எச்சிலையா ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொல்லுதாவ? மாவு இருக்கு, சாமிக்கு வைக்க பால் இருக்கு!"

"டப்பாவுக்குள்ள குப்பி, குப்பிக்குள்ள பஞ்சு, பஞ்சுக்குள்ளதான் எச்சில். தீட்டு மூணு கதவு தாண்டி வரணும் ஆன்ட்டி" என்றாள் சாரா.

பகவதி ஒரு பழைய எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்து, 'அச்சு, ஆய்வு' என்று சீட்டு ஒட்டி, ஃப்ரீசரில் அதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தாள். அம்மா அந்த மூலைக்கும் பட்டாணிப் பொட்டலத்துக்கும் நடுவே ஒரு தட்டைச் செங்குத்தாக நிறுத்தினாள்.

உமாசங்கருக்கு வேறு கேள்வி இருந்தது. உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். "மூளையில செரோடோனின்னு ஒண்ணு குறைச்சலா இருக்குமாமே. வாழைப்பழம் குடுத்தா கூடும்னு போட்டிருக்கு. ஒரு மாசமா தினம் ரெண்டு பழம் குடுக்கோம்."

"பழம் நல்லது அங்கிள், குடுங்க. ஆனா அதுல இருக்கிற செரோடோனின் வயித்தோட நின்னுடும். மூளை வாசல்ல காவல்காரன் இருக்கான், உள்ள விடமாட்டான். அப்புறம், இந்தப் பிள்ளைங்கள்ல சில பேருக்கு ரத்தத்துல அது கூடுதலாவே இருக்கு. குறைச்சல், ஜாஸ்தின்னு ஒரே வார்த்தையில சொல்ற விஷயம் இல்ல. அதுக்குத்தான் நாங்க இன்னும் எச்சில் பொறுக்கிட்டுத் திரியறோம்."

பகவதிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

வாயில் பஞ்சை வைக்க அச்சு சம்மதிப்பானா என்பதே பெரிய கேள்வி. டூத்பிரஷின் புது நாரையே நாக்கில் தாங்காதவன். பகவதி பதினான்கு நாள் எடுத்துக்கொண்டாள். முதலில் தன் வாயில் வைத்தாள். கன்னம் உப்பிய அவளைப் பார்த்து, கொழுக்கட்டையை முழுசாக விழுங்கின மாதிரி இருக்கிறாய் என்று அம்மா சிரிக்க, அச்சுவும் சிரித்தான். பிறகு அவன் உதட்டில் தொட்டு எடுத்தாள். பிறகு ஐந்து எண்ணும் வரை. பதினான்காம் நாள் அறுபது எண்ணும் வரை வைத்திருந்து, தானே எடுத்து, "அய்போயிந்தி" என்று குப்பியில் போட்டான். முடிந்துவிட்டதாம்.

"என் பங்குக்கு முப்பது வீடு போறேன்" என்றாள் சாரா. "பஞ்சுக்கு ட்ரெய்னிங் குடுத்த அக்கா நீ ஒருத்திதான் மா."

மூன்று நாள் எச்சில் எடுத்தார்கள். 'விழித்த நேரம்' என்ற கட்டத்தில் பகவதி 6.00, 6.00, 6.00 என்று எழுதினாள். 'முதல் பஞ்சு' என்ற கட்டத்தில் 6.02, 6.01, 6.03.

ஐந்து வாரம் கழித்து சாரா ஒரு காகிதம் கொண்டுவந்தாள். அதில் இரண்டு கோடுகள். ஒன்று பொதுவாக இருக்கும் விதம். கண் விழித்ததும் ஏறி, அரை மணியில் உச்சிக்குப் போய், பிறகு இரவு வரை இறங்கும் ஒரு மலை.

"இதுக்குப் பேரு கார்ட்டிசால். உடம்பு காலையில தன்னைத்தானே கிளப்பிக்க ஊத்திக்கிற பெட்ரோல்னு வச்சுக்கோங்க" என்றாள் சாரா.

இரண்டாவது கோடு அச்சுவுடையது. அதில் மலை இல்லை. நடு உயரத்தில் தொடங்கி, முதலிலிருந்தே சரிந்துகொண்டு போயிற்று. மூன்று நாளும் அப்படியே.

அம்மா தாலிக் கொடியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ இவனுக்கு அது ஊறவே இல்லையா?"

"அப்படிச் சொல்லலை ஆன்ட்டி. இது வியாதி கண்டுபிடிக்கிற டெஸ்ட்டே இல்ல. பிள்ளைக்குப் பிள்ளை மாறும்." சாரா பகவதி பக்கம் திரும்பினாள். "நேரம் தப்பினாலும் இப்படி வரும். முதல் பஞ்சு முழிச்ச உடனேதானே எடுத்தே?"

பகவதி நோட்டை விரித்து அவள் முன்னால் வைத்தாள். காது சிவந்திருந்தது.

"ஹவ், ஹவ்" என்று சாரா ஆமோதித்தாள். "உன் நோட்டுல தப்பு வராதுன்னு தெரியும். கேக்கறது என் டூட்டி மா. இன்னொரு ரவுண்டு இருக்கு, அப்போ பார்க்கலாம்."

சாரா போன பிறகு உமாசங்கர் காகிதத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். ஆலையில் மீட்டர்களின் கோடுகளைப் பார்த்தே வயதானவர். கோடு பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

"காலையில ஊற வேண்டியதே ஊறல. அப்புறம் பதினோரு மணிக்கு எப்படி அவனால உக்கார முடியும்? உடம்புக்குள்ள இல்லாததை நாம எங்கேருந்து கொண்டுவர? வீணா அந்தப் பிள்ளையை அந்த ஸ்கூல்ல போட்டு வதைக்கோம்" என்று சொல்லி, காகிதத்தை டி.வி.க்குக் கீழே அந்தப் படிவத்தோடு சேர்த்து வைத்தார். மறுநாள் பகவதி துடைக்கும்போது, படிவத்தில் அச்சுவின் பெயரும் பிறந்த தேதியும் அப்பாவின் கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. கீழே கையொப்பம் மட்டும் பாக்கி.

அந்த வாரம் பட்டறையில் அவள் வேலையில் ஒரு போர்டு திரும்பி வந்தது. ஏழு வருடத்தில் முதல் முறை. சூப்பர்வைசர் கோவிந்தராஜன் அதை அவள் விளக்கின் கீழ் வைத்தார். ஓரத்தில் அவளுடைய பச்சைப் பொட்டு. மேலே எல்லாப் புள்ளியும் பளபளவென்று இருந்தது. திருப்பினார். அடியில் ஒரு பாகத்தின் கம்பிக் கால் ஈயத்தோடு ஒட்டாமல், ஒட்டினது மாதிரி நின்றது.

"மேல பார்த்தே, கீழ பார்த்தியா?"

"மேல சரியா இருந்தா கீழயும் சரியாத்தான் சார் இருக்கும். எப்பவும் அப்படித்தானே..."

"எப்பவும்னு ஒரு மீட்டர் இருக்கா இங்க? பார்க்காததுக்கு எதுக்கும்மா பொட்டு வச்சே?" கோவிந்தராஜன் கோபக்காரர் அல்ல. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "பரவால்ல. மகாராணிக்கும் ஒரு நாள் கண்ணு சொக்கும்."

பகவதி அந்தக் கம்பிக் காலை மறுபடி பற்றவைத்துக் கொடுத்தாள். பொட்டைச் சுரண்டி எடுத்துப் புதுப் பொட்டு ஒட்டினாள். மதியம் டிபன் டப்பாவைத் திறந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். விழித்த நேரம் 6.00. அவன் விழித்ததை அவள் பார்த்தாளா? கதவைத் திறக்கும்போது கண் மூடியிருக்கும், கூப்பிட்டதும் திறக்கும். பார்த்தது அவ்வளவுதான். ஆறுக்கு முன்னால் அந்த அறையில் என்ன நடக்கிறதென்று ஒரு வருடமும் இரண்டு மாதமும் அவள் பார்த்ததே இல்லை. அச்சுவுக்குப் பக்கத்தில் யார் மூச்சு கேட்டாலும் தூக்கம் வராது என்பதால் அவனுக்குத் தனி அறை. அதன் கதவை எல்லாரும் ஆறுக்குத்தான் திறந்தார்கள்.

மறுநாள் விடிகாலை நான்கு மணிக்கு அலாரத்தைத் தலையணைக்கு அடியில் அடக்கி எழுந்து, செருப்பில்லாமல் அந்த அறைக்குள் போனாள். பீரோவுக்குப் பக்கத்தில், அவன் கண்ணில் படாத இருட்டில் தரையில் உட்கார்ந்தாள். தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கட்டிலிலும் எதிர்ச் சுவரிலும் விழுந்திருந்தது.

4.38-க்கு அச்சு கண்ணைத் திறந்தான்.

புரளவில்லை. சோம்பல் முறிக்கவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்தான். அதற்குப் பக்கத்தில் இருந்த முதல் படத்தைப் பார்த்தான். மறுபடி கடிகாரத்தை. பகவதி அவன் எழுந்திருப்பான் என்று காத்திருந்தாள். அவன் எழவில்லை.

ஐந்து மணி ஆயிற்று. போர்வைக்குள் அவன் கால்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறுகின. கழிவறைக்குப் போக வேண்டும் என்று இருக்கும்போது அவன் செய்வது அது. கழிவறை இரண்டாவது படம். முதல் படம் முடியாமல் இரண்டாவது வராது. உதடு அசைந்தது. சத்தம் வராமல், தன் விரல்களைப் போர்வையின் மேல் ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். தெருவில் பால் வண்டி வந்து போயிற்று. எதிர்வீட்டுக் குழாய் திறந்தது. பகவதிக்குக் கால் மரத்துவிட்டது. அவள் அசையவில்லை. அவன் அசையாதபோது தான் மட்டும் எப்படி அசைவது என்று இருந்தது.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு முழுவதும் விளங்கிற்று. படத்தில் ஆறு மணிக்கு அச்சு கண்ணைத் திறக்கிறான். திறப்பதற்கு முதலில் மூடியிருக்க வேண்டும்.

தினமும் கதவைத் திறந்து கூப்பிடும் குரல் அன்று கதவுப் பக்கமிருந்து வரவில்லை. ஆறு ஆனதும் பீரோவின் மறைவிலிருந்து "அச்சு" என்றாள். அவன் கண்ணைத் திறந்தான். எழுந்து, அவளைத் தாண்டி, கழிவறைக்கு ஓடினான்.

பகவதி மூன்று நாள் தொடர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். 4.38. 4.51. 4.29. அதன் பிறகே நோட்டை எடுத்தாள். பழைய மூன்று 6.00-களையும் அழிக்கவில்லை, மேலே எழுதவுமில்லை. பட்டறை வழக்கப்படி ஒவ்வொன்றையும் சிவப்பில் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்து சாராவுக்குப் போன் செய்தாள்.

"சாராக்கா, நான் எழுதினது தப்பு."

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்த வேண்டியிருந்தது.

"அரே, கைக்கு அழறே, எதுக்கு?" என்றாள் சாரா. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறாள் போலிருந்தது, பின்னால் ஹாரன் சத்தம். "நாலே முக்காலுக்கு முழிச்சா அஞ்சே காலுக்குள்ள உச்சி ஏறி இறங்கியிருக்கும். நாம ஆறு மணிக்குப் போய் மலை எங்கேன்னு தேடியிருக்கோம். இறக்கத்தைத்தான் பார்த்தோம்."

"ஒரு வருஷமா அக்கா. தினம் எண்பது நிமிஷம். ஒண்ணுக்குப் போகாம. நான் போட்ட படத்துக்காக."

"எங்க வீட்டுல என் தம்பி பிளஸ்ஸனைப் பத்து நிமிஷம் சும்மா உக்காரச் சொன்னா கூரை பறக்கும்" என்றாள் சாரா. "உன் தம்பி உனக்காக எண்பது நிமிஷம் இருந்திருக்கான். ஸ்ரீஜா மேடம்கிட்ட நான் சொல்றேன். நீ படத்தை மாத்து மா."

அன்று மாலை பகவதி அப்பாவிடமும் சொன்னாள். சட்டத்தைச் செய்தது தான், நேரத்தைப் பார்க்காமல் எழுதியதும் தான், கோடு பொய் சொல்லவில்லை, கோட்டுக்குக் கொடுத்த நேரம்தான் பொய் என்றாள். உமாசங்கர் எழுந்து அச்சுவின் அறைக்குப் போனார். முதல் படத்தின் முன்னால் நின்றார்.

"உனக்குத் தெரியுமாட்டி, நைட் ஷிப்டுல எனக்கே எண்பது நிமிஷம் சும்மா உக்கார முடியாது. ரெண்டு டீ வேணும்" என்றார்.

படத்தை மாற்றுவது சொன்ன மாதிரி எளிதாக இல்லை. பகவதி புதுப் படம் எடுத்தாள். ஜன்னல் இருட்டாக இருக்கிறது, அச்சு கண்ணைத் திறந்திருக்கிறான், கடிகாரம் இல்லை. அடுத்த படத்தில் கழிவறை. அதற்கடுத்ததில் அச்சு ஒரு நீல அட்டையை அக்காவின் கையில் கொடுக்கிறான். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி ஹாலில் மாட்டினாள். முதல் நாள் விடிகாலை அவள் பக்கத்தில் போய் "எந்திரிடா ராஜா" என்றபோது அவன் காலியான சுவரைப் பார்த்தான்.

"இங்கா ஆரு காலேது" என்றான். இன்னும் ஆறு ஆகவில்லை.

"ஆறு ஆக வேண்டாம்டா. முழிச்சா போதும்."

"ஆரு காலேது" என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

எட்டு நாள் அப்படியே போயிற்று. பஞ்சுக்குச் செய்ததைப் போலவே செய்தாள். பகலில், விளையாட்டாகப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, திறந்ததும் எழுந்து வந்து அட்டையைக் கொடுக்கப் பழக்கினாள். கொடுத்தால் ஸ்டெபிலைசர் "டொக்" ஒலியை வாயால் செய்து காட்டுவாள். அம்மாவும் கற்றுக்கொண்டாள். உமாசங்கருக்குத்தான் அது சரியாக வரவில்லை, தவளை மாதிரி வந்தது. அச்சுவுக்கு அதுதான் அதிகம் பிடித்தது.

ஒன்பதாம் நாள், பகவதி தூங்கிக்கொண்டிருந்தபோது, சில்லென்று ஏதோ அவள் நெற்றியில் ஒட்டியது. நீல அட்டை. கழிவறைக்குப் போய்க் கை கழுவிய ஈரம் அதில் இருந்தது. கட்டில் ஓரத்தில் அச்சு நின்றான். ஹாலின் கடிகாரத்தில் 4.42.

அவள் அவனை இழுத்துக் கட்டிக்கொள்ளவில்லை, அது அவனுக்குப் பிடிக்காது. "டொக்" என்றாள்.

டாக்டர் ஸ்ரீஜா அந்த நோட்டைப் பார்த்தார். இத்தனை சீக்கிரம் விழிப்பதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், தூக்கத்துக்கும் உடம்பில் ஒரு ஹார்மோன் உண்டு, அது எந்த நேரத்தில் சுரக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். மாத்திரையைப் பற்றி யோசிக்குமுன், மாலையில் விளக்குகளையும் டி.வி.யையும் குறைக்கச் சொன்னார். சுஷ்மா டீச்சருக்குப் பகவதி கோடு போட்ட தாளில் ஒரு கடிதம் எழுதினாள். பதினொரு மணி என்பது அச்சுவுக்கு விழித்து ஆறேகால் மணி நேரம் கழித்து வரும் நேரம், மற்ற பிள்ளைகளுக்கு மதியம் ஒன்று மாதிரி, பத்தே காலுக்கு ஏதாவது சாப்பிடவைத்து இருபது நிமிடம் படுக்கவிட முடியுமா என்று கேட்டிருந்தாள். டீச்சர் தன் அறையின் மூலையில் ஒரு பாய் போட்டார்.

முதல் வாரம் அவன் நான்கு நாள் முட்டினான். இரண்டாம் வாரம் மூன்று. மூன்றாம் வாரம் ஒன்று, அதுவும் தீயணைப்பு ஒத்திகையின் மணி அடித்த நாள். தசரா லீவுக்கு முந்திய நாள் சுஷ்மா டீச்சர் போன் செய்தார். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டார். மார்ச் வரை இருக்கட்டும், பிறகு மறுபடி பேசலாம் என்று அவர் சொன்னாராம்.

உமாசங்கர் படிவத்தை எடுத்தார். கிழிக்கவில்லை, அந்த வீட்டில் யாரும் காகிதத்தைக் கிழிப்பதில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் பகவதியிடம் கொடுத்தார். "ஏட்டி, இதுல கோடு போட்டு மளிகை எழுது."

அச்சு விழித்ததைப் பார்த்துப் பஞ்சு எடுத்த இரண்டாவது ரவுண்டின் காகிதம் நவம்பரில் வந்தது. அதில் ஒரு மலை இருந்தது. பொதுக் கோட்டைவிடச் சற்றுக் குட்டை, ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். இதனால் ஆட்டிசம் பற்றி ஒன்றும் தெரிந்துவிடாது, ஒரு பிள்ளையின் கோட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது, இருநூறு பிள்ளைகளின் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவேளை ஏதாவது சொல்லலாம் என்று சாரா நான்கு முறை சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் போன பிறகு அம்மா அந்தக் காகிதத்தைச் சாமி அலமாரியில் வைத்தாள். ஃப்ரீசரில் நின்ற தட்டை எடுத்துவிட்டாள்.

இப்போதும் அச்சு விடியுமுன்தான் விழிக்கிறான். சில நாள் ஐந்தரை வரை போகிறது, சில நாள் நாலரைதான். அட்டையைக் கொடுத்துவிட்டு பால்கனியில் போய் நிற்பான். பகவதி ஒரு டம்ளர் வெந்நீரோடு பக்கத்தில் உட்காருவாள். பால் வண்டி வரும்போது இருவரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். நோட்டு அவள் மடியில் இருக்கும். 'விழித்த நேரம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் அவள் புதிதாக ஒரு கட்டம் கிழித்திருக்கிறாள். இன்றைய வரியில் 4.47 என்று எழுதி, அந்தக் கட்டத்தில் 'பார்த்தேன்' என்று எழுதினாள். பச்சைப் பேனாவில்.